எஸ்டோனியாவில் நிறுவனக் கணக்கு: உள்ளூர் வங்கியா, இணையப் பணச் சேவையா?

எஸ்டோனியா 2014 டிசம்பரில் தொடங்கிய மின்வசிப்பாளர் அட்டை (வெளிநாட்டவருக்குத் தரும் டிஜிட்டல் அடையாள அட்டை) கையில் இருந்தால், தலைநகர் தாலின் மண்ணை மிதிக்காமலே அங்கே நிறுவனம் பதிவு செய்துவிடலாம். ஆனால் வங்கிக் கணக்கு அந்த அட்டையோடு சேர்ந்து வராது. பலர் இடறுவது இங்கேதான்.

உள்ளூர் வங்கி முதலில் கேட்பது, "எங்கள் நாட்டோடு உங்களுக்கு என்ன தொடர்பு?" என்பதைத்தான். வாடிக்கையாளர், ஊழியர், அலுவலகம் என்று ஏதாவது காட்ட வேண்டும். நேரில் வரச் சொல்வதும் உண்டு. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சுமார் 20,000 கோடி யூரோ பாய்ந்தது, பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது. சூடு கண்ட பூனை அடுப்படியை அண்டுமா?

வைஸ் போன்ற இணையப் பணச் சேவைக்கு இருந்த இடத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். யூரோ கணக்கு எண் பெரும்பாலும் பெல்ஜியத்தின் 'பிஇ' எழுத்துகளோடு தொடங்கும். எஸ்டோனிய நிறுவனத்துக்கு பெல்ஜிய எண்ணா என்று சில கணக்காளர்கள் புருவம் உயர்த்துவார்கள். ஆனால் நாட்டைக் காட்டி மறுக்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடம் தராது.

உண்மையான வித்தியாசம் பாதுகாப்பில்தான். வங்கி நொடித்தால் 1 லட்சம் யூரோ வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இணையப் பணச் சேவை நிறுவனம் உங்கள் பணத்தைத் தனியே பிரித்து வைக்கும், அவ்வளவுதான். கடனும் கிடைக்காது.

தனியாளாகத் தொழில் செய்பவர் வங்கிக்காக விமான டிக்கெட் எடுப்பது வீண். பெருந்தொகை தேங்கும் நிறுவனம் என்றால் அந்தப் பயணச் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியாது.