கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்கிறார்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகக் கிளம்பினேன். கார் சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே உள்ள பலமாடி நிறுத்துமிடத்தில், நான்காம் மாடியில் நின்றது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆட்டோமேட்டிக் கியரை, முன்னால் போக, டி-க்கு இழுத்துப் பிரேக்கை விட்டேன். கார் அசையவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமியது. பின்னால் எடுக்க ஆர்-க்குத் தள்ளினாலும் அதே கதை. கியர் லிவர் மட்டும் ஆடுகிற பல் மாதிரி லொடலொடவென்று இருந்தது.

"வண்டிக்கு இன்னிக்கு மனசில்லை போல" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ்ஸில் போய்விட்டார். அவருக்கு அன்று செலவு ஒன்றும் ஆகவில்லை.

என் காப்பீட்டிலேயே 24 மணி நேர உதவி எண் ஒன்று உண்டு. பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மின்தூக்கிக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருந்த ஒரு டோயிங் (பழுதான காரை இழுத்துப் போகிறவர்கள்) ஸ்டிக்கரைப் பார்த்து அழைத்தேன். முதல் தப்பு அதுதான். வந்தவர் லிவரை என்-இல், அதாவது நியூட்ரலில், வைத்துத் தள்ளிப் பார்த்தார். முன்சக்கரங்கள் உருளவே இல்லை. பிறகு அவற்றின் அடியில் குட்டிச் சக்கரப் பலகைகளைக் கொடுத்துத்தான் காரைக் கீழே இறக்கினார். பலமாடி, சக்கரம் வேறு உருளவில்லை என்று சொல்லி 220 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். "எந்த வொர்க்‌ஷாப் பாஸ்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இடம் அன்று பூட்டியிருந்தது. "கவலைப்படாதீங்க, நமக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு" என்றார். இரண்டாவது தப்பு.

அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. முன்னால் நின்று பேசியவர் தமிழர். "அண்ணே" என்றார், டீ வரவழைத்தார், ஊர் எது என்று விசாரித்தார். நம்ம ஆள் என்று என் மனம் இளகிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை ஏமாற்றியதில் பாதி வேலையை அந்த டீயே செய்துவிட்டது.

இரண்டு மணி நேரத்தில் வாட்சாப்பில் ஒரு படம் வந்தது. ஆயில் தட்டில் இருக்கும் காந்தத்தின்மேல் சாம்பல் நிறத்தில் குழம்பு போல ஏதோ அப்பியிருந்தது. "உள்ளே எல்லாம் தேஞ்சு போச்சு அண்ணே. ரீகண்டிஷன் கியர்பாக்ஸ் போடணும், 3,800 வெள்ளி. 1,000 முன்பணம் கட்டினா திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம்."

என் கார் 2014-இல் பதிவானது. 2024-இல் சிஓஇ-யை, அதாவது இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன். ஐந்தாண்டு என்றால் மறுபடி புதுப்பிக்க முடியாது, காலம் முடிந்ததும் காரைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட காருக்கு 3,800 வெள்ளியா என்று தயங்கினேன். என் தயக்கத்துக்காகவே காத்திருந்தவர் போல அடுத்ததைச் சொன்னார்: "இல்லேன்னா இப்படியே கொடுத்திடுங்க, எடுத்துக்க ஆள் இருக்கு." அவர் சொன்ன விலை, மிச்ச சிஓஇ-க்குத் திரும்பக் கிடைக்கக்கூடிய தொகையைவிடக் குறைவு. எனக்கு உறைத்தது அப்போதுதான். காரைத் திருப்பிக் கேட்டேன். சோதனைக் கட்டணம் 280 வெள்ளி கட்டாமல் சாவி தர மாட்டோம் என்றார்கள். இப்படி ஒரு கட்டணம் உண்டு என்று அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கழற்றிப் பார்த்த கூலி" என்று ரசீது எழுதித் தந்தார்கள். அந்த ரசீதை வாங்கி வைத்தது மட்டும்தான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம்.

இன்னொரு டோயிங், 120 வெள்ளி. இம்முறை காக்கி புக்கிட்டில் நண்பர் சொன்ன ஒரு சின்னக் கடை. அங்கிளுக்கு எழுபது வயதிருக்கும். பானெட்டைக்கூட முதலில் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து, சாவியைப் போட்டு, லிவரை டி-யில் வைத்து, "மீட்டரைப் பார்" என்றார். லிவர் டி-யில் நிற்கிறது, மீட்டரில் பி (சக்கரங்களைப் பூட்டி வைக்கும் பார்க்கிங்) என்று எரிகிறது.

லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் அதைப் பிடித்து வைத்திருப்பது பட்டன் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்காக வெந்து அது பொடிந்துவிட்டது, கேபிள் கழன்றுவிட்டது. நான் லிவரை எங்கே தள்ளினாலும் கியர்பாக்ஸுக்குச் சேதி போகவில்லை, அது பி-யிலேயே உட்கார்ந்திருந்தது. மீட்டரில் தெரியும் எழுத்து கியர்பாக்ஸில் உள்ள சுவிட்சிலிருந்து வருவதால் அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. என்-இல் வைத்தும் சக்கரங்கள் பூட்டிக்கிடந்ததற்குக் காரணமும் அதுதான். ஆர் போட்டபோது பின்கேமரா வரவில்லை என்பதும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கார் மூன்று முறை சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

வேறு காரணங்களையும் அங்கிள் போகிற போக்கில் சொன்னார். ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டால் கியர் விழும், ஆனால் கார் முன்னால் போக முடியாமல் திணறும். டிரைவ் ஷாஃப்ட் கழன்றிருந்தால் பி-யில் வைத்தாலும் சரிவில் உருளும். கியர் ஆயில் ஒழுகிப் போயிருந்தால் தரையில் கறை இருக்கும். என் காரில் இதில் எதுவுமில்லை.

நான் அந்தக் காந்தப் படத்தைக் காட்டினேன். சிரித்தார். ஓடிய எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்தாலும் காந்தத்தில் அந்த மாவு கொஞ்சம் இருக்குமாம், பெரிய துண்டுகள் இருந்தால்தான் பயப்பட வேண்டும். பிறகு காரை ஜாக்கில் ஏற்றி, டார்ச் அடித்து ஆயில் தட்டைக் காட்டினார். போல்ட்டுகளின்மேல் பல வருடத்து அழுக்கு கெட்டியாக, கலையாமல் இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அவர்கள் அதைத் திறக்கவே இல்லை! படம் எந்தக் காருடையதோ.

அங்கிளின் பில் பொருளும் கூலியும் சேர்த்து 90 வெள்ளி. அந்த போல்ட்டுகளைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டேன்.

தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்படி முறையற்ற செயல். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்தேன். முதலில் போன இடத்துக்காரர்கள், "நல்லெண்ணத்துக்காக" 100 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். இப்போது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகப் பதிந்திருக்கிறேன். என்னைப் போன்ற தனிநபருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் வைக்க முடியாது, நானேதான் பேச வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பதால், பழைய ரசீது வைத்திருப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டிருப்பது 280-உம் இரண்டாவது டோயிங்குக்கான 120-உம், மொத்தம் 400 வெள்ளி. முதல் 220-ஐக் கேட்கவில்லை. மாடியிலிருந்து காரை எப்படியும் இறக்கியாக வேண்டியிருந்தது. விசாரணைத் தேதி வந்திருக்கிறது. ரசீது, வாட்சாப் படம், போல்ட்டு படம், ஒரு பிளாஸ்டிக் பையில் பொடிந்த புஷ் என்று எல்லாம் தயாராக இருக்கின்றன.