விண்டோஸ் 11 ஏற்றிய பழைய கணினி எழும்ப மறுத்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டிலும் கடையிலும் ஓடுபவை பல, எங்கோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப்புகள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. இவையும் 11-க்கு மாறின. மாறிய கையோடு சில எழும்பவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் முதல் பதில், "ஃபார்மட் பண்ணிடலாம்ண்ணே". அதற்குத் தலையாட்டுமுன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' (எழுப்ப டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை) என்றால் டிஸ்க் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. விண்டோஸ் 11-க்கு செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி வேண்டுமென்று கேள்விப்பட்டு, யாரோ பயாஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) லெகசி என்ற பழைய எழுப்பு முறையை யூஇஎஃப்ஐ என்ற புது முறையாக்கியிருப்பார்கள். டிஸ்க்கோ யூஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி முறைக்கு மாறாமல், பழைய எம்பிஆர் முறையிலேயே பிரிக்கப்பட்டுக் கிடக்கும். திரும்ப லெகசிக்கு மாற்றினால் விண்டோஸ் அப்படியே வந்துவிடும். பிறகு கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தை அட்மின் உரிமையுடன் திறந்து, எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ் சேர்த்து (mbr2gpt /validate /allowFullOS) ஓட்டுங்கள். பிழை வராவிட்டால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வர்ட் (convert) போட்டு ஓட்டுங்கள். அது முடிந்தபின்தான் பயாஸை யூஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். வேலிடேட்டே தோற்றால் டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பகுதிகளை, அதாவது பார்ட்டிஷன்களை, எண்ணுங்கள். பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தாலும், டி டிரைவ் லாஜிக்கலாக (இன்னொரு பகுதிக்குள் பிரித்த துணைப் பகுதியாக) இருந்தாலும் மாற்றாது. அந்தக் காலத்தில் சி, டி என்று தாராளமாகப் பிரித்துத் தந்ததன் பலன் இது.

நீலத் திரையில் 'இன்அக்சஸபிள் பூட் டிவைஸ்' வந்தால் பயாஸில் சாட்டா மோடை, அதாவது டிஸ்க்குடன் கணினி பேசும் முறையை, பாருங்கள். மத்தியானம் இடி இடிக்கும் ஊர்களில் சுவரிலேயே சுவிட்சை அடைத்துவிடுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரிதான் பயாஸைத் தாங்குகிறது. அது தீர்ந்தால் அமைப்புகள் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும். டெல் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் பலவற்றில் சாட்டா மோடின் ஆரம்ப நிலை 'ரெய்டு ஆன்'. ஏஹெச்சிஐ என்ற இன்னொரு மோடில் பதிந்த விண்டோஸுக்கு அதில் டிஸ்க் தெரியாது. ஏஹெச்சிஐ-க்குத் திருப்பி, சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும் புது பேட்டரியைப் போடுங்கள். கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி பேட்டரிதான்.

பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா (விண்டோஸை எங்கிருந்து எழுப்புவது என்ற குறிப்பு) இல்லை என்று திரை சொன்னால், வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றி, அதிலிருந்து எழுப்பி, 'ரிப்பேர்' வழியாகக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போகலாம். டிஸ்க் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் (diskpart) கருவியில் லிஸ்ட் வால்யூம் (list volume) அடித்து, 100 எம்பி அளவில் ஃபேட்32 ஆக இருக்கும் சிறு பகுதியைத் தேர்ந்து எஸ் என்று எழுத்து கொடுங்கள். எக்ஸிட் அடித்து வெளியே வந்து: பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ (bcdboot C:\Windows /s S: /f UEFI). அங்கே விண்டோஸ் ஃபோல்டர் சி-க்குப் பதில் டி டிரைவிலும் இருக்கலாம். எதில் இருக்கிறது என்று முதலில் டிஐஆர் (dir) கட்டளை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இதே வேலைக்கான இன்னொரு கட்டளை பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட், 'ஆக்சஸ் டினைட்' (அனுமதி இல்லை) என்று அடிக்கடி முரண்டு பிடிக்கும், அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால் குறுக்குவழி கிடையாது. கணினியை முதலில் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தார்களோ, அங்கேதான் தேட வேண்டும். பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளையின் கணக்காக இருக்கும்.

இன்டெலின் பழைய கோர் 2 டுவோ சிப் உள்ள பெட்டி வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பின் பக்கமே போகாதீர்கள். அது கேட்கும் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி அந்தச் சிப்பில் இல்லை, எந்தத் தந்திரமும் எடுபடாது. மற்றவர்கள் எழும்பியபின் பிரிண்டர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் உடனே ஓட்டிப் பாருங்கள். 10 நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி வழியாகப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். இடையில் டிஸ்க் கிளீனப் ஓட்டி, பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்தால் அந்த வழியும் அடைபடும்.