சைக்காலஜிப் பட்டத்துக்குக் கடன் வாங்கலாமா? காலேஜ் ஸ்கோர்கார்டு தளம் ஒரு மதிப்பீடு

சைக்காலஜி படிக்க வாங்கும் கடன் பின்னால் வரும் சம்பளத்தில் அடையுமா என்று பார்க்க, அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு நல்ல தொடக்கம். இலவசத் தளம், விளம்பரம் கிடையாது. 2019 முதல் கல்லூரி வாரியாக மட்டுமல்லாமல் பாடப்பிரிவு வாரியாகவும் சம்பளமும் கடனும் காட்டுகிறார்கள். கடன் பக்கத்தை ஓரளவு தைரியமாக நம்பலாம். சம்பளப் பக்கத்தை, சைக்காலஜியைப் பொறுத்தவரை, பாதிதான் நம்பலாம்.

கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பாடப்பிரிவுகளுக்குப் போனால் 'சைக்காலஜி, ஜெனரல்' இருக்கும். பட்டம் முடித்தவர்களின் நடுமதிப்புச் சம்பளம், நடுமதிப்புக் கடன், மாதத் தவணை மூன்றும் கிடைக்கும். நடுமதிப்பு சராசரி அல்ல. பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் கீழ். சம்பளத் தகவல் வருமான வரிப் பதிவுகளிலிருந்து வருவதால், பழைய மாணவர்களிடம் கல்லூரிகள் எடுக்கும் கருத்துக்கணிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

ஓட்டை இருப்பது யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதில். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி பெற்றவர்கள் மட்டுமே வருவார்கள். அதிலும் வேலையில் இருந்து, அப்போது மேற்படிப்பில் இல்லாதவர்கள்தான். நர்ஸிங்குக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் சைக்காலஜி இளநிலைப் பட்டதாரிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பிறகு மேற்படிப்பு முடிப்பவர்கள். அளக்கும் ஆண்டில் எம்.ஏ.வோ பிஎச்.டி.யோ படித்துக்கொண்டிருப்பவர் கணக்கிலேயே இல்லை. ஆக, தளத்தில் தெரியும் தொகை இளநிலையோடு வேலைக்குப் போனவர்களின் சம்பளம். சைக்காலஜிஸ்டின் சம்பளம் என்று அதை வாசிக்கக்கூடாது. உரிமம் பெற்ற சைக்காலஜிஸ்ட் ஆகப் பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம் வேண்டும்.

கடன் தொகையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அது கடன் வாங்கியவர்களின் நடுமதிப்பு. கடனே வாங்காதவர்கள் சேர்க்கப்படவில்லை. தனியார் வங்கிக் கடன் அதில் கிடையாது. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனும் அந்தத் தொகைக்குள் வராது, தனியாகத்தான் பார்க்க வேண்டும். பல வீடுகளில் உண்மையான சுமை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்தியக் கடன் உச்சவரம்பு முதலாண்டு 5,500 டாலர், இரண்டாமாண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500. நான்கு வருடத்துக்கு 27,000. எனவே ஒரு கல்லூரியில் கடன் இருபதாயிரத்துச் சொச்சத்தில் நிற்பது அந்தக் கல்லூரி மலிவு என்பதற்குச் சான்றாகாது; வரம்பு அவ்வளவுதான். செலவை அறிய 'சராசரி ஆண்டுச் செலவு' பகுதியில் குடும்ப வருமானப் படிகளைப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அது உள்மாநில மாணவருக்கான தொகை. வெளிமாநிலத்திலிருந்து போகிறவர் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 27,000 டாலரை 6.5 சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 307 டாலர். ஆண்டுக்கு 36,000 சம்பாதிப்பவருக்கு வரிக்கு முந்தைய சம்பளத்தில் பத்து சதவீதம். இறுக்கம்தான், ஆனாலும் சமாளிக்கலாம். இதற்கு மேல் கவுன்சலிங் எம்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 20,500 வீதம் இரண்டு வருடம் வாங்கினால் இன்னும் 41,000. முதுநிலைக் கடனுக்கு வட்டி கூடுதல். கொடுத்த நாளிலிருந்தே ஓடும். படிக்கும்போது ஏறும் வட்டியை விட்டுவிட்டு, 8 சதவீதம் என்று வைத்தாலே மாதம் 497. இரண்டும் சேர்ந்து 804. தொழிலாளர் புள்ளியியல் துறை 2024-க்குத் தரும் மனநல ஆலோசகர்களின் நடுமதிப்புச் சம்பளம் 59,190 டாலர். அதில் தவணை மட்டும் 16 சதவீதம். இதுவும் அனுபவசாலிகளைச் சேர்த்த சம்பளம். பட்டம் முடித்து உரிமத்துக்காக மூத்தவர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டிய மணிநேரங்களை நிரப்பும் வருடங்களில் கையில் வருவது குறைவாகவே இருக்கும். இளநிலைக்குக் கடன் வாங்கும்போதே இன்னொரு கடன் வரிசையில் நிற்கிறது என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஸ்கோர்கார்டு இந்த இரண்டையும் கூட்டிக் காட்டாது. கூட்டுவது நம் வேலை.

தேடலில் பலர் தடுக்கி விழும் இடம் பாடக்குறியீடு, அதாவது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் கொடுத்திருக்கும் எண். பொது சைக்காலஜி 42.01. சில கல்லூரிகள் தங்கள் மாணவர்களை 42.27 என்ற ஆய்வு சைக்காலஜியில் பதிகின்றன. கிளினிக்கல், கவுன்சலிங், தொழில்நிறுவன சைக்காலஜி எல்லாம் 42.28. மனநல ஆலோசனை முதுநிலையோ சைக்காலஜிப் பட்டியலிலேயே இருக்காது, 51.15-இல் இருக்கும், அல்லது கல்வியியலின் கீழ் 13.11-இல். பேரை வைத்துத் தேடி, 'இந்தக் கல்லூரியில் இல்லை' என்று முடிவு கட்டினால் பாதி வாய்ப்புகள் நழுவிவிடும். சிறிய துறைகளில் தனியுரிமைக்காகச் சம்பளத்தை மறைத்துவிடுவார்கள், வெற்றுக் கட்டம்தான் தெரியும். அப்போது எல்லாப் பாடப்பிரிவுகளையும் சேர்த்துக் கல்லூரிக்குக் காட்டும் சம்பளத்தை எடுத்துக்கொள்வது தவறு. பொறியியல் மாணவர்கள் நிறைய இருந்தால் அது சைக்காலஜிக்காரருக்குப் பொய்க் கனவு காட்டும்.

முனைவர் படிப்புக்கு இந்தத் தளம் அநேகமாகப் பயன்படாது. பிஎச்.டி. திட்டங்கள் பலவற்றில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. சைடி (Psy.D.) எனப்படும் பயிற்சிசார் முனைவர் பட்டத்தில் பெரும்பாலும் கைக்காசுதான். இரண்டும் ஒரே உரிமத்துக்கு இட்டுச் செல்லும்போது கடனில் வரும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் திட்டமும் கட்டணம், முடிக்க ஆகும் காலம், இடையில் விலகியவர்கள், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள், உரிமம் பெற்றவர்கள் ஆகியவற்றைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டாக வேண்டும். 'மாணவர் சேர்க்கை, விளைவுகள்' என்ற தலைப்பில் இருக்கும். விலகியவர்களின் பத்தியை முதலில் படியுங்கள். பட்டமில்லாமல் கடனோடு வெளியே வந்தவர்கள் தெரிவது அங்கேதான்.