ஈரோட்டில் மகனின் வயிறும் கோபமும்

டொராண்டோவில் குழந்தை மருத்துவரைப் பார்க்கக் குடும்ப மருத்துவர் எழுதித் தர வேண்டும், பிறகு அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஈரோட்டில் காலையில் போன் போட்டு டோக்கன் வாங்கினோம், அன்றைக்கே பார்த்தாயிற்று. (மாலை ஆறு மணி டோக்கனுக்கு எட்டரைக்குக் கூப்பிட்டார்கள் என்பது வேறு கதை.)

நாலு வயது மகன் ஊருக்கு வந்ததிலிருந்து சிடுசிடு. தட்டைத் தள்ளிவிடுவான், தொட்டதற்கெல்லாம் அலறல். கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க விறைத்து நிற்பான். ஜட்டியில் அடிக்கடி கறை. மருந்துக்கடையில் பேதி என்று முடிவுகட்டி, வயதுகூடக் கேட்காமல் மாத்திரையை நீட்டினார்கள். வாங்கவில்லை. அம்மாவோ, “என்னத்தையோ முழுங்கிப்போட்டான், தொக்கம் எடுத்துட்டு வந்தரலாம் சாமி” என்றார். அதற்கென்றே போர்டு வைத்திருக்கிறார்கள். தொண்டைக்குள் விரலை விட்டு, ‘சிக்கிய சோறு’ என்று எதையாவது எடுத்துக் காட்டுவார்கள்.

டாக்டர் என் விரலைப் பிடித்து அவனுடைய இடது அடிவயிற்றில் வைத்து அமுக்கச் சொன்னார். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. “பேதி இல்லீங்க. மலம் கெட்டிப்பட்டு நிக்குது, அதைச் சுத்தித் தண்ணியாக் கசியுது. எப்பவோ ஒருக்கா வலிச்சிருக்கும், அந்தப் பயத்துல அடக்கறான். அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும். வயிறு இப்படி இருந்தா பசியும் எடுக்காது, குணமும் நல்லா இருக்காது.” பிறகு அம்மாவைப் பார்த்து, “தொண்டைல சிக்கியிருந்தா இப்படி ஓடியாடுவானுங்களா?” என்றார்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. அதுவே பெரிய ஆச்சரியம். மலத்தை இளக்க, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி மட்டும்தான். சரியானதும் நிறுத்திவிடாமல் மாதக்கணக்கில் கொடுத்து மெல்லக் குறைக்க வேண்டுமாம். பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரம் பார்த்து 5 முதல் 10 நிமிடம் உட்கார வைக்கணும், கால் ஊன்ற மணை போடணும், திட்டவே கூடாது. ரத்தம், வாந்தி, வயிற்று உப்பல் என்றால் உடனே வரச் சொன்னார்.

இவ்வளவும் சொன்ன கிளினிக்கின் கழிவறையில் பெரியவர்கள் உயரத்துக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். மணையும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை.

பொடி வேலை செய்ய ஆரம்பித்ததும் அலறல் அடங்கியது, ராகி தோசையைக் கேட்டு வாங்கித் தின்றான். அதே பொடி கனடாவில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும் என்பதால் இங்கிருந்து வாங்கி மூட்டை கட்டவில்லை.