இரண்டு ஆண்டில் கேப்டன்: கடலூர், புதுவைப் பெற்றோர் கவனத்துக்கு

2024 ஆகஸ்டில், 18 வயதான என் அக்கா மகனைப் புதுவை லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடந்த விமானிப் பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். "இரண்டே ஆண்டில் கேப்டன்" என்றார் நடத்துபவர். அக்கா தன் ஆரத்தை அடகு வைத்து, கையிருப்பையும் சேர்த்து ஆறு லட்சம் கட்டினார். கூடப் போய்க் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கூச்சத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

பயிற்சி என்றால் ஓர் ஏசி அறை, மூன்று திரை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக். "இதுவும் பறந்த கணக்கில் சேரும் சார்" என்றார். ஐந்து மாதத்தில் 140 மணி நேரம் பறந்ததாக ஒரு லாக்புக் கைக்கு வந்தது.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டினார். நவம்பர் 30-இல் விரல் நின்றது.

"தம்பி, அன்றைக்கு என்ன நாள்?"

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாள். புதுவையில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது. பையன் எங்களோடு கடலூர் வீட்டில் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். லாக்புக்கிலோ மூன்று மணி நேரம் பறந்திருக்கிறான்! இந்திய விமானங்களின் பதிவெண் 'விடி' (VT) என்ற எழுத்துகளில் தொடங்குமாம். அந்தக் கட்டம் எல்லாப் பக்கத்திலும் காலி.

பிறகுதான் விமானி லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகளைப் படித்தேன். வணிக விமானி லைசென்ஸுக்கே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம், விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் விமானியாக. அதை வாங்கினாலும் முதலில் துணை விமானி இருக்கைதான். கேப்டனுக்கு வேண்டிய ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரமும் குறைந்தது 21 வயதும் தேவை. இரண்டு ஆண்டில் இவனுக்கு 20தான் ஆகும். வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் இந்தக் கூட்டல் தோன்றவில்லை. வணிக விமானிக்குக் கட்டாயமான முதல் வகுப்பு மருத்துவச் சான்று பற்றி அந்த ஆள் வாயே திறக்கவில்லை.

அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. பணத்தை எடுக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, "கேப்டன் என்று எழுத்தில் கொடுத்தோமா?" என்றார் நடத்துபவர். அறுபதாயிரம் திரும்பியது. மீதிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதே ஆள் இப்போது வேறு பலகை மாட்டித் திருப்பாதிரிப்புலியூரில் ஆள் சேர்ப்பதாகக் கேள்வி.