ஓகடோக்ஸ்–ஹை ரிவர் தொகுதியைத் தேடி: உள்ளூர் வரலாற்று வாசிப்பறை எப்படி?

கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்துப் பழைய தேர்தல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் முடிவுப் பட்டியலோடு நின்றுவிடாமல், பெரிய பொது நூலகங்களில் இருக்கும் உள்ளூர் வரலாற்று வாசிப்பறைக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள். கால்கரிப் பக்கம் நான் பயன்படுத்திய ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வாசிப்பறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இயங்குகின்றன, அதனால் எது என்பது முக்கியமில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. பிடித்துக்கொண்ட அந்த ஒரு மதிப்பெண்ணுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் தேடிப் போனது ஓகடோக்ஸ்–ஹை ரிவர் என்ற தொகுதி. இப்போது அந்தப் பெயரில் தொகுதி கிடையாது. கால்கரிக்குத் தெற்கே கிழக்கில் கோதுமை வயலும் மேற்கில் மலையடிவார மாட்டுப் பண்ணையும் டர்னர் வேலி எண்ணெய்க் கிணறுகளுமாக இருந்த நாட்டுப்புறம். 1930ல் ஓகடோக்ஸ், ஹை ரிவர் என்ற இரண்டு தொகுதிகளைச் சேர்த்து இதை உண்டாக்கினார்கள், 1971ல் கலைத்து ஹைவுட் என்று புதிதாக வகுத்தார்கள். நடுவில் பத்துப் பொதுத்தேர்தல். அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்டால், பதவியில் இருந்த மாகாண முதல்வரையே அவருடைய சொந்தத் தொகுதி மக்கள் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தது இங்கே நடந்தது.

பட்டியலை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 1935 இடைத்தேர்தல் என்று ஒரு வரி, அதில் வில்லியம் ஏபர்ஹார்ட், சோஷியல் கிரெடிட் கட்சி. ஓட்டு எண்ணிக்கை இருக்க வேண்டிய கட்டத்தில் எண்ணே இல்லை, போட்டியின்றித் தேர்வு. அவ்வளவுதான். அடுத்த வரி 1940, சுயேச்சை வெற்றி. இந்த இரண்டு வரிக்கு நடுவில் நடந்ததுதான் கதையே.

1935 ஆகஸ்ட் 22 பொதுத்தேர்தலில் சோஷியல் கிரெடிட் 63ல் 56 இடம் பிடித்தது. அதுவரை ஆண்ட விவசாயிகள் கட்சிக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. இந்தத் தொகுதியில் தோற்றவர் ஜார்ஜ் ஹோட்லி, 1909லிருந்து ஓகடோக்ஸ் பக்கத்தின் எம்.எல்.ஏ., விவசாயிகள் ஆட்சியில் விவசாயத்துக்கும் சுகாதாரத்துக்கும் அமைச்சர். 1928ல் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான், அந்தச் சட்டம் 1972 வரை எத்தனையோ பேருடைய வாழ்க்கையைக் கெடுத்தது. பட்டியலில் அவர் வெறும் பெயர், அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன். ஏபர்ஹார்ட் அந்தப் பொதுத்தேர்தலில் நிற்கவே இல்லை. கட்சி ஜெயித்ததும் முதல்வரானார், ஹோட்லியைத் தோற்கடித்த வில்லியம் மாரிசன் பதவி விலகி இடம் விட்டார். தலைவருக்காக உறுப்பினர் இடம் விடுவது நமக்கும் பழகிய வழக்கம்தான், ஆனால் தொகுதி மக்களைப் பொறுத்தவரை அவர்கள் அவருக்கு ஓர் ஓட்டுகூடப் போடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் தருவேன் என்று சொல்லித்தான் ஏபர்ஹார்ட் கட்சியை ஜெயிக்கவைத்தார், அதற்கு 18 மாதம் அவகாசமும் கேட்டார். கூடவே வேண்டாத உறுப்பினரை மக்கள் பாதியிலேயே பதவியிலிருந்து திரும்ப அழைக்கலாம் என்று வாக்குறுதி கொடுத்து, 1936ல் அதைச் சட்டமாகவும் ஆக்கினார். தொகுதி வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து வேண்டும் என்பது நிபந்தனை, லேசான காரியமில்லை. 18 மாதம் முடிந்தது, 25 டாலர் வரவில்லை. 1937ல் ஓகடோக்ஸ்–ஹை ரிவர் மக்கள் அவர் கொண்டுவந்த சட்டத்தை எடுத்து அவர் மீதே மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். டர்னர் வேலி எண்ணெய்க் கம்பெனிகள் தொழிலாளர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்குகின்றன என்று அரசுத் தரப்பு சொன்னது. இலையுதிர் காலக் கூட்டத்தொடரில் சட்டத்தையே ரத்து செய்தார்கள், அதுவும் அது பிறந்த தேதியிலிருந்தே செல்லாது என்று பின்தேதியிட்டு. 1940ல் ஏபர்ஹார்ட் இந்தப் பக்கமே வராமல் கால்கரியில் நின்று ஜெயித்தார்.

இதையெல்லாம் மைக்ரோஃபிலிமில் (பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருள்) வாரப் பத்திரிகையாகப் படிக்கும்போதுதான் வேகம் புரிகிறது. இழுப்பறை இழுப்பறையாக ஊர்வாரியாகச் சுருள்கள் அடுக்கியிருக்கின்றன, நாமே எடுத்துக்கொள்ளலாம், உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. இயந்திரம் கணினியோடு இணைத்தது, வேண்டிய பக்கத்தைப் படமாக யு.எஸ்.பி.யில் இறக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. குறை என்னவென்றால் தைத்த தொகுப்பை அப்படியே படமெடுத்திருக்கிறார்கள், அதனால் இடது பக்கத்தில் உள் விளிம்பு நிழலில் போய்விட்டது. கடைசிப் பத்தியில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று எழுத்துகளை நாமே ஊகித்துப் படிக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் நிழல் விலகுகிறது, ஆனால் மற்ற பத்திகள் வெளுத்துவிடுகின்றன, ஆகவே ஒரே பக்கத்தை இரண்டு தரம் படமெடுத்துக்கொள்வதுதான் வழி. குவியத்தைச் சரிசெய்யும் வளையம் வேறு தளர்ந்திருந்தது, நகர்த்தும்போதெல்லாம் மங்கியது.

பத்திரிகை என்று வந்துவிட்டதால் ஒன்று. அதே 1937 கூட்டத்தொடரில் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் ஏபர்ஹார்ட் அரசு நிறைவேற்றியது. 1938ல் கனடா உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, எதிர்த்து நின்றதற்காக எட்மன்டன் ஜர்னல் நாளிதழுக்குப் புலிட்சர் பத்திரிகைச் சிறப்பு விருதும் கிடைத்தது. எனவே அந்த ஆண்டு ஊர்ப் பத்திரிகைகளைப் படிக்கும்போது, அவை நடுநிலையாக ஓரமாக நின்று எழுதியவை அல்ல, சண்டையில் ஒரு தரப்பு என்பதை மறக்க வேண்டாம். அரசுத் தரப்பு வாதம் தெரிய வேண்டுமென்றால் சட்டமன்ற ஆவணங்களையும் கேளுங்கள். பணியில் இருந்த அம்மா கேட்காமலேயே 1936, 1937 சட்டத் தொகுதிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து, ஒன்றில் சட்டம் பிறப்பதையும் மற்றதில் பிறக்கவே இல்லை என்று ஆக்குவதையும் பார்க்கலாம். நாலு மதிப்பெண்ணில் இரண்டு அவருக்கே.

இப்போது நான் பிடித்துக்கொண்ட மதிப்பெண். வாசிப்பறையே தயாரித்து வைத்திருக்கும் தொகுதி முடிவுக் கோப்பில் வேட்பாளர் பெயருக்கு எதிரே ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அல்பர்ட்டா நாட்டுப்புறத் தொகுதிகளில் 1926லிருந்து 1955 வரை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை இருந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்கி அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இந்தத் தொகுதியின் பத்துத் தேர்தலில் முதல் ஏழு அப்படி நடந்தவை. கோப்பில் இருப்பது முதல் சுற்றா கடைசிச் சுற்றா என்று ஒரு குறிப்பும் இல்லை. இது சின்ன விஷயமில்லை. 1955ல் சோஷியல் கிரெடிட் 61ல் 37 இடமாகக் குறைந்த பிறகு அதே அரசுதான் இந்த முறையை நீக்கியது, 1959ல் 65ல் 61 இடம் பிடித்தது. சுற்றுவாரியான எண்ணிக்கை இல்லாமல் அந்த மாற்றம் யாருக்கு லாபம் என்று வாசகர் எப்படிக் கணக்குப் போடுவார்? கோப்பைத் தயாரித்தவர்கள் இதைச் சேர்க்க வேண்டும், கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லை வரைபடங்கள் அருமை. மடித்த தாளில் அச்சடித்தவை, பெரிய மேசையில் விரித்துப் பார்க்கலாம். 1971க்குப் பிந்தைய ஹைவுட் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இந்த மண்ணின் தேர்தல் கதை அங்கேயும் ஓயவில்லை. மேற்கு மாகாணங்கள் பிரிய வேண்டும் என்ற கட்சியின் கார்டன் கெஸ்லர் 1982 பிப்ரவரியில் ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரி இடைத்தேர்தலில் வென்றார், அதே ஆண்டு நவம்பர் பொதுத்தேர்தலில் ஹைவுட்டுக்கு மாறி நின்று தோற்றார். டேனியல் ஸ்மித் 2012ல் இங்கே வென்று, 2014 டிசம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் பதவியை விட்டுவிட்டு ஆளுங்கட்சிக்குத் தாவி, அடுத்த ஆண்டு அந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். 2022ல் முதல்வரானபோது அவருக்கும் தொகுதி இல்லை, ப்ரூக்ஸ்–மெடிசின் ஹாட் உறுப்பினர் விலகி இடம் விட்டார். 2021ல் அல்பர்ட்டா மறுபடி திரும்ப அழைக்கும் சட்டம் கொண்டுவந்தது, 2025ல் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பலர் மீது அதன்கீழ் மனுக்கள் வந்தன. அந்தச் செய்திகளைப் பார்த்துக் குழம்பியிருந்தால் 1937 சுருள்தான் முதலில் படிக்க வேண்டியது.

போகிறவர்களுக்கு: மைக்ரோஃபிலிம் இயந்திரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், வார இறுதியில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் நிறைய வருகிறார்கள். தேடுபொறியில் தொகுதியின் பெயரை இரண்டு ஊரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், அட்டவணையில் ஒரே சீராகப் பதியவில்லை. 1937 செப்டம்பர், அக்டோபர் சுருளை முதலில் எடுங்கள். அப்புறம் நேரம் இருந்தால் 1935க்குப் போங்கள்.