மேசைக் கடிகாரம்: வெர்ஜா, ஆங்கரா?

பழைய ஆங்கிலேய மேசைக் கடிகாரம் வாங்க இறங்கினால், கடைசியில் இரண்டில் ஒன்றில் வந்து நிற்போம்: 1700-களின் வெர்ஜ், அல்லது 1800-க்குப் பிறகு பரவிய ஆங்கர். ஊசலின் ஆட்டத்துக்கேற்பச் சக்கரத்தைப் பல் பல்லாக விடும் அமைப்பின் இரு வகைகள் இவை; ஆங்கரில் அந்த வேலையைச் செய்வது நங்கூர வடிவ உறுப்பு. அந்தப் பெயர்களிலேயே கடிகாரங்களையும் சொல்கிறேன். நான் 1820-களில் செய்த மஹாகனிப் பெட்டி ஆங்கரை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டுமே வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் எட்டு நாள் கடிகாரங்கள். ஸ்பிரிங் தளரத் தளர விசை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஃபியூசி என்ற கூம்பு இரண்டிலும் உண்டு. அதில் சுற்றுவது நரம்புக் கயிறு, இல்லையென்றால் பொடிச் சங்கிலி. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச்சில் பெண்களும் சிறுமிகளும் கண் நோக உட்கார்ந்து கோத்த சங்கிலிகள் இந்த வகைதான்.

அழகு என்றால் வெர்ஜ்தான், சந்தேகமே இல்லை. பின்தகடு முழுக்கக் கொடியும் பூவும் செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே பின்பக்கமும் கண்ணாடிக் கதவு. அறைக்கு அறை தூக்கிப் போக மேலே கைப்பிடி. சின்ன ஊசல் அகலமாக வீசுவதால் மேசை சற்றுச் சாய்ந்திருந்தாலும் ஓடும். ஆங்கர் 1670 வாக்கிலேயே வந்துவிட்டது, நெட்டைக் கடிகாரங்களும் அதற்கு மாறிவிட்டன. ஆனால் மேசைக் கடிகாரம் செய்தவர்கள் நூறு வருடத்துக்கு மேல் வெர்ஜை விடவில்லை. இந்தச் சௌகரியம் அதற்கு முக்கியக் காரணம். வாரத்துக்குச் சில நிமிடம் முன்பின்னாகும். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

என்னை ஆங்கர் பக்கம் திருப்பியது தேய்மானம். வெர்ஜில் கிரீடம் போன்ற சக்கரத்தின் கூர்ப்பற்கள், தண்டிலுள்ள இரண்டு சிறு தகடுகளை ஓயாமல் தள்ளுகின்றன. எண்ணெய் காய்ந்து தூசி சேர்ந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாமும் நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடுவோம். உள்ளே தகடு பள்ளமாகிக்கொண்டே போகும், பல்லும் தேயும். அதைச் சரிசெய்ய வெர்ஜ் தெரிந்த கைதான் வேண்டும். ஆங்கரிலும் பள்ளம் விழும். ஆனால் ஆங்கரைத் தண்டில் லேசாகப் பக்கவாட்டில் நகர்த்தினால், பல் தேயாத இடத்தில் படும். பழைய உறுப்பு அப்படியே தப்பிக்கும். தினமும் ஓடவிட வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இந்த ஒன்றே போதும்.

இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமான வெர்ஜ்களை ஆங்கராக மாற்றினார்கள். பிற்பாடு சிலவற்றைத் திரும்பவும் வெர்ஜ் ஆக்கினார்கள். அதனால் வெர்ஜ் பார்க்கப் போனால் பின்தகட்டைத்தான் முதலில் பாருங்கள். அடைத்த திருகு ஓட்டைகளும் நடுவில் வெட்டுப்பட்ட செதுக்கலும் கதையைச் சொல்லிவிடும். மாற்றாமல் அப்படியே வந்த வெர்ஜுக்கு விலையும் மதிப்பும் அதிகம். மறுவிற்பனை பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நான் எதையும் விற்றதில்லை.

ஆங்கருக்கும் தொல்லை உண்டு. சமமாக வைத்து, டிக்கும் டாக்கும் ஒரே இடைவெளியில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் மாற்றும்போது கனமான ஊசலைக் கழற்றியோ பூட்டியோ வைக்காவிட்டால், அது தொங்கும் மெல்லிய ஸ்பிரிங் பட்டை மடங்கிவிடும். என்னுடையதை ஒரே இடத்தில் வைத்துவிட்டதால் இதெல்லாம் எனக்குப் பாரமாக இல்லை. அடிக்கடி வீடு மாறுபவர் என்றால், சரி, மாற்றப்படாத வெர்ஜ் ஒன்றைப் பொறுமையாகத் தேடலாம்.